அடுத்தவர் கடிதம்

1999 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. எடிசனில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, விற்பனைப் பிரிவு மேலாளர் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு காகிதம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு அனுப்பிய விலை விவரம் போய்ச் சேராமல் திரும்பி வந்திருந்தது. "உங்கள் சர்வர் தடைப்பட்டியலில் இருப்பதால் ஏற்க இயலாது" என்ற பொருளில் ஒரு வரி அதில் இருந்தது. அவர் அந்த வரியைச் சுட்டிக்காட்டி, "நாம் என்ன தப்பு செய்தோம்?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. அட்டைப்பெட்டி, ஒட்டும் டேப் என்று பேக்கேஜிங் பொருள்களை மொத்தமாக விற்கும் சிறிய கம்பெனி அது. நாற்பது பேர் இருப்போம். இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்க வந்தவர்களில் நானும் ஒருவன். பழைய நிரல்களில் இரண்டிலக்க ஆண்டுகளைத் தேடித் தேடித் திருத்துவதுதான் என் வேலை. மின்னஞ்சல் சர்வர் என் தலையில் கூடுதலாக வந்து விழுந்தது. துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையில் ஒரு பழைய சன் கணினி. அதில் சென்ட்மெயில் 8.8. அதை நிறுவியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்பதால் யாரும் அதைத் தொடவில்லை.

அன்று தொட்டேன். அனுப்பக் காத்திருக்கும் மடல்கள் கிடக்கும் அடைவைத் திறந்தால், பட்டியல் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆயிரக்கணக்கில் மடல்கள். எல்லாம் உடல் எடை குறைக்கும் மாத்திரை விளம்பரம். அனுப்பியவரும் எங்கள் ஆள் இல்லை, பெறுபவரும் எங்கள் ஆள் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் சர்வர் யாருக்கோ சம்பளமில்லாத தபால்காரனாக ஓடியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை, கணினித் துறையில் இல்லாதவர்களுக்கும் புரியும்படி சொல்ல ஓர் உவமை உண்டு. இந்த நாட்டுக்கு வந்த முதல் தலைமுறைக்கு அது உவமைகூட இல்லை, அனுபவம்.

தொண்ணூறுகளில் நம்மில் ஒருவர் ஊருக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்தால் போதும். பயணத்துக்கு முந்தைய நாள் இரவு வரை வீட்டுக்கு ஆள் வந்துகொண்டிருக்கும். ஒருவர் மருந்து கொடுப்பார், ஒருவர் புகைப்படம் கொடுப்பார். கட்டாயம் நாலைந்து பேர் கடிதம் கொடுப்பார்கள். "மீனம்பாக்கத்தில இறங்கினதும் ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டுடுங்க, போதும்." விமானத் தபாலை விடச் சீக்கிரம் சேரும், செலவும் குறைவு. திரும்பி வரும்போது இதே கதை எதிர்த்திசையில். கடிதம் எழுதியவரையும் பெறுபவரையும் சுமக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நண்பரின் நண்பர் என்றாலும் வாங்கிக்கொள்வோம். மறுப்பது மரியாதைக் குறைவு.

மின்னஞ்சலும் இந்த மனநிலையில்தான் பிறந்தது. ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் கடிதத்தை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்ற நெறிமுறையை 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதினார். ஆர்.எஃப்.சி. 821 என்பது அதன் எண். எல்லாக் கணினியும் எல்லாக் கணினியோடும் நேரடியாகப் பேச முடியாத காலம். அதனால் வழியில் இருக்கும் சர்வர் ஒன்று கடிதத்தை வாங்கி அடுத்த சர்வருக்குக் கைமாற்றி விடும். அந்தக் கைமாற்றலுக்குப் பெயர்தான் ரிலே. அந்த நெறிமுறையில் ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண் உண்டு. அவற்றில் 251 எனக்குப் பிடித்தது. "அந்த ஆள் இங்கே இல்லை, நான் அனுப்பிவிடுகிறேன்" என்று அதற்குப் பொருள். ஒரு கணினி இன்னொரு கணினியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

அப்போதும் விளம்பரம் இல்லாமல் இல்லை. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனையாளர் கேரி துயர்க், லாஸ் ஏஞ்சலஸிலும் விரிகுடாப் பகுதியின் சான் மட்டேயோவிலும் நடக்கவிருந்த தங்கள் கணினி அறிமுகத்துக்கு வரச்சொல்லி, ஆர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். கண்டனம் வந்தது. பிறகு வெகுகாலம் பெரிதாக யாரும் துணியவில்லை. 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதி ஒன்று யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டது. அவர்கள் விற்றது கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்கும் உதவியை. இணைய விளம்பரத் தொல்லையின் முதல் பெரிய வலையே குடியேறிகளை நோக்கி வீசப்பட்டது! இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்தக் குலுக்கலில் இடமே கிடையாது என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் நுழைபவனால் லட்சம் மடல் அனுப்ப முடியாது, அவ்வளவு மெதுவான இணைப்பு. ஆனால் ஒரே ஒரு மடலை எழுதி, அதன் தலையில் நூறு முகவரிகளை ஒட்டி, 251 மனநிலையில் இருக்கும் ஒரு சர்வரிடம் கொடுத்துவிட்டால்? நூறு பிரதி எடுத்து நூறு வாசலுக்குக் கொண்டுபோவது அந்தச் சர்வரின் பாடு. செலவு அதனுடையது, கெட்ட பெயரும் அதனுடையது. ஊருக்குப் போகிறவர் கையில் கடிதம் என்று சொல்லி ஒரு மூட்டையையே ஏற்றிவிட்ட மாதிரி. நுவார்க் விமான நிலையத்தில் "உங்கள் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா, வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா" என்று அந்த நாட்களில் கேட்பார்கள். எங்கள் சர்வரிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்து நேராகத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பட்டியல்களின் முன்னோடி விரிகுடாப் பகுதியின் ரெட்வுட் சிட்டியில் பிறந்தது. பால் விக்ஸியும் நண்பர்களும் நடத்திய மாப்ஸ். ஸ்பாம் என்பதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட பெயர். தொல்லை வரும் சர்வர்களின் எண்களை அவர்கள் பட்டியலிட, மற்றவர்கள் அதைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். வேறு பலரும் இதே போலத் தனிப் பட்டியல்கள் தொடங்கினார்கள். அத்தகைய ஒன்றில்தான் நாங்கள் மாட்டியிருந்தோம்.

எங்கள் சர்வர் உண்மையிலேயே அப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று அன்றே சோதித்தேன். அலுவலகத்துக்குள் இருந்து சோதித்தால் பயனில்லை. உள்ளே இருப்பவரின் கடிதத்தை அது எப்போதும் வாங்கும். மதியம் வீட்டுக்குப் போய், என் சொந்த இணைப்பிலிருந்து டெல்நெட் வழியாக 25ஆம் போர்ட்டைத் தட்டினேன். ஹலோ சொன்னேன். அனுப்புநராக இல்லாத ஒரு பெயரையும், பெறுநராக என் வெளி முகவரி ஒன்றையும் கொடுத்தேன். 250 என்றது. சரி என்று அர்த்தம். யார் நீ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விதி ஒன்றே ஒன்றுதான். கடிதம் நமக்கு வந்ததாக இருக்க வேண்டும், அல்லது நம்மிடமிருந்து போவதாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வாங்கக் கூடாது. 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9 இந்த விதியை இயல்பு நிலையாக ஆக்கியிருந்தது. அதுவரை திறந்தே இருந்த கதவு அந்தப் பதிப்பிலிருந்து மூடியே வந்தது. யாருக்குத் திறக்க வேண்டும் என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் புதிய பதிப்பை நிறுவி, எங்கள் அலுவலக வலையமைப்பை மட்டும் அனுமதிப் பட்டியலில் எழுதி, தேங்கிக் கிடந்த மடல்களைக் கூட்டித் தள்ளினேன். வீட்டிலிருந்து மறுபடி தட்டினேன். இந்த முறை 550. கைமாற்ற மறுக்கிறோம் என்று பொருள். இரவு பதினொரு மணிக்கு அந்த எண்ணைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். பட்டியல்காரர்களுக்கு எழுதினேன். அவர்களும் தட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் எங்கள் எண்ணை நீக்கினார்கள்.

மறுநாளே வேறு தொல்லை வந்தது. ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர்களால் ஹோட்டல் அறையிலிருந்து மடல் அனுப்ப முடியவில்லை. அவர்கள் நம்மவர்கள், ஆனால் வெளியிலிருந்து வருகிறார்கள். அவசரத்தில் ஒரு தப்புச் செய்தேன். அனுப்புநர் முகவரியில் எங்கள் கம்பெனியின் பெயர் இருந்தால் விட்டுவிடு என்று எழுதினேன். இரண்டே நாளில் மாத்திரை விளம்பரம் எங்கள் கம்பெனியின் பெயரிலேயே வந்தது. உறையின் மேல் எழுதிய பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதை அன்று கற்றேன். நம்மவரா என்பதை ஆளைக் கொண்டுதான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அப்போது நான் கண்ட வழி, முதலில் பாஸ்வேர்ட் கொடுத்துத் தன் அஞ்சல் பெட்டியைத் திறந்தவருக்கு மட்டும் அடுத்த அரைமணி நேரம் அனுப்பும் கதவையும் திறந்து வைப்பது. பிறகு அனுப்பும்போதே பாஸ்வேர்ட் கேட்கும் முறை பரவி, அதற்கென்று 587 என்ற தனிப் போர்ட்டும் வழக்கத்துக்கு வந்து, இந்த ஒட்டுவேலை தேவையில்லாமல் போயிற்று.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் கம்பெனியில் கணக்குப் பார்த்து 1998இல் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். புதிதாக வந்த என்னைச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டிப்போய் உட்காரவைத்துக்கொண்டவர். அந்த டிசம்பரில் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அவரைப் பார்த்தேன். சிரித்தார், ஒன்றும் பேசாமல் பிராகாரத்தில் நகர்ந்து போய்விட்டார். கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன். 2000 ஜனவரியில் பொங்கல் விழாவுக்கு ஒரு பள்ளிக்கூட அரங்கில் கூடியபோது, பந்தியில் பக்கத்து நாற்காலி அவருடையதாக அமைந்தது.

"ஐயா, இப்பல்லாம் மெயில்கூட வர்றதில்லையே" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அனுப்புறது போகேல்லைத் தம்பி. அக்டோபரிலை இருந்து போகேல்லை. மறுக்கிறம் எண்டு வருது."

எனக்குக் கை நின்றுவிட்டது.

அவருடைய அம்மாவும் ஒரு தங்கையும் வன்னியில் இருந்தார்கள். அந்தப் பக்கம் தொலைபேசி கிடையாது. அவர்கள் எழுதும் கடிதம் யார் கையிலாவது வவுனியா வந்து, அங்கிருந்து கொழும்பில் இருந்த மைத்துனருக்குப் போகும். மைத்துனர் தொலைபேசியில் வாசிப்பார். இவர் நோட்டில் குறித்துக்கொண்டு, ஞாயிறு இரவு ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டச்சு செய்து, டொராண்டோ, லண்டன், பாரிஸ் என்று சிதறியிருந்த ஏழு பேருக்கு அனுப்புவார். வேலையில் இருந்த நாளில் வீட்டுக் கணினியில் அனுப்பும் சர்வராக எங்கள் சர்வரின் பெயரைக் கொடுத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் அது வேலை செய்ததால் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியவும் இல்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த ஞாயிறு இரவு அவருடைய கணினித் திரையில் 550 வந்தது.

அவர் அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளவில்லை. பதில் என்று எடுத்துக்கொண்டார். "வேலையை விட்டுப் போன ஆளுக்கு ஏன் எண்டு கொம்பனி யோசிச்சிருக்கும் எண்டு நினைச்சன். கேக்கிறது சரியில்லைத்தானே." அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலிங் கார்டு வாங்கி, ஏழு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதே செய்தியை ஏழு தரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

நான் விளம்பர மடல், தடைப்பட்டியல் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பூட்டினது சரிதான் தம்பி. கள்ளன் வாற வாசலைப் பூட்டத்தானே வேணும். அந்த வாசலாலை நானும் வந்து போனனான். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். ஐந்து நிமிட வேலை. அவர் மாதாமாதம் காசு கட்டும் இணைய நிறுவனத்துக்கே சொந்தமாக அனுப்பும் சர்வர் இருந்தது. எங்கள் பெயரை அழித்துவிட்டு அதன் பெயரை எழுதினேன். ஒரு மடல் அனுப்பிப் பார்த்தார், போனது. அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். மூன்று மாதம் அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். மூடுவதற்கு முந்தைய மாதங்களின் லாக் முழுவதும் டேப்பில் பத்திரமாக இருந்தது. விளம்பரக் கூட்டம் புகுந்த அந்த வாரக் கடைசியை ஒதுக்கிவிட்டுப் படித்தால், ஒவ்வொரு ஞாயிறும் இரவு பத்து மணி வாக்கில் ஏழு வரி. ஒரே அனுப்புநர், அதே ஏழு பெறுநர்கள். தேடியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். நான் தேடவில்லை. வெளியாள் என்றால் எல்லோரும் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

விரிகுடாப் பகுதியில் ஜான் கில்மோர் என்று ஒருவர் இருக்கிறார். எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷனை நிறுவியவர்களில் ஒருவர். வழியில் இருக்கும் நண்பர்கள் தன் சர்வர் வழியாகக் கடிதம் அனுப்ப முடிய வேண்டும் என்று சொல்லி, தன் சர்வரின் கதவை மூட மறுத்தவர். அதற்காக அவருக்கு இணைப்பு தந்த நிறுவனமே அவருடைய 25ஆம் போர்ட்டை அடைத்தது. தடைப்பட்டியல்கள் அவரையும் சேர்த்துக்கொண்டன. அவர் சொன்னதை முழுக்க ஏற்க என்னால் முடியாது. திறந்த கதவால் வாடிக்கையாளர்களிடம் பெயர் கெட்டுப்போன கம்பெனியில் நான் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்க அரசும் பிறகு அந்தப் பக்கமே வந்தது. 2003 டிசம்பரில் கையெழுத்தான கேன்-ஸ்பாம் சட்டம், மூலத்தை மறைக்க அடுத்தவர் கணினி வழியாக விளம்பர மடல்களைக் கைமாற்றுவதைக் குற்றமாக்கியது. அடுத்த மாதமே ஃபெடரல் டிரேட் கமிஷன், பல நாடுகளின் அமைப்புகளோடு சேர்ந்து, திறந்து கிடக்கும் சர்வர்களின் சொந்தக்காரர்களுக்கு மூடச்சொல்லி எழுதியது. எல்லாம் தேவைதான். ஆனால் கில்மோரின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாயிறு இரவின் அந்த ஏழு வரி நினைவுக்கு வருகிறது.

இப்போது நான் டெக்சாஸில் சின்னச் சின்ன அலுவலகங்களின் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லோரும் பெரிய நிறுவனங்களின் மேகத்துக்குப் போய்விட்டார்கள் என்றாலும், சொந்தச் சர்வர் வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. கதவுகள் இப்போது மூடியே வருகின்றன. ஆனாலும் திறக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒரு ஸ்கேனர். காகிதத்தை மின்னஞ்சலாக அனுப்பும் பழைய இயந்திரத்துக்குப் பாஸ்வேர்ட் கொடுக்கத் தெரியாது. நிறுவ வந்த ஆள் "எல்லா ஐபியையும் அனுமதிச்சிடுங்க சார், வேலை முடிஞ்சிடும்" என்பார். முடிந்துவிடும், அந்த வாரக் கடைசிக்குள். அந்த ஒரு ஸ்கேனரின் முகவரியை மட்டும் எழுதினால் போதும். இன்னொரு இடத்தில் ஃபயர்வால், வெளியிலிருந்து வருகிற எல்லா இணைப்புக்கும் தன் உள் முகவரியையே மாட்டிவிட்டுக்கொண்டிருந்தது. சர்வரின் கண்ணுக்கு உலகமே வீட்டுக்குள் இருந்து வருவதாகத் தெரிந்தது. விதி சரியாகத்தான் எழுதியிருந்தது, கதவு திறந்து கிடந்தது. அதனால் எதை மாற்றினாலும் வெளியே போய்த் தட்டிப் பார்ப்பதை இன்றுவரை விடவில்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் ஓர் ஊழியரின் பாஸ்வேர்ட் திருடு போனால் போதும், விளம்பரம் முன்வாசல் வழியாகவே போகும். ஆகவே ஒரு கணக்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் இத்தனை மடல்தான் என்று வரம்பும் வைக்கிறேன்.

அவசரம் இல்லாத இடத்தில் மூடுவதற்கு முன் இரண்டு வாரம் லாக் படிக்கிறேன். அவசரம் என்றால் மூடிவிட்டு அன்றிரவே படிக்கிறேன். உள்ளே இல்லாத ஆனால் ஒழுங்காக வந்து போகிற முகவரிகளைத் தனியாக எழுதிக்கொள்கிறேன். பாதி, யாரும் மறந்துபோன இயந்திரங்கள். மீதி மனிதர்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் பேசி, இந்த வழி இன்ன தேதியில் அடைபடுகிறது, இனி இந்த வழியாக அனுப்புங்கள் என்று சொல்கிறேன். இந்தக் கூப்பிடும் நேரத்துக்கும் சேர்த்தா பில் போடுகிறாய் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். அதற்கு மட்டும் போடுவதில்லை என்றேன்.